நீல விளக்கும் செவிலியரின் கண்ணும்

பிறந்து மூன்று நாளான குழந்தையின் உடம்பு மஞ்சளாகத் தெரிகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "லைட்ல வைக்கணும்" என்கிறார்கள். சட்டையைக் கழற்றி, கண்ணை மறைத்து, நீல விளக்கின் கீழ் கிடத்துகிறார்கள். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. இரண்டு நாளில் மஞ்சள் இறங்கிவிடுகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் முதல் வாரத்தில் இந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். அதனால் இந்த விளக்கைப் பார்த்த குடும்பங்கள் நம் ஊரில் நிறைய.

பார்த்தவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. மஞ்சள் இருப்பது ரத்தத்தில். விளக்கு எரிவது உடம்புக்கு வெளியே. ஒரு முழம் தள்ளி நின்று எரிகிற வெளிச்சம், ரத்தத்துக்குள் இருப்பதை எப்படி வெளியே அனுப்புகிறது?

வெளிச்சத்துக்கு இப்படி ஒரு சக்தி உண்டு என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர், குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியர். இன்றும் அந்த வெளிச்சத்தை மருந்தாக ஆக்குவது, ராத்திரி முழுக்க அதன் அருகில் நிற்கும் செவிலியர்தான். அதனால் விளக்கையும் அவரையும் சேர்த்தே பார்ப்போம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்கு ஆயுள் உண்டு. வயதான அணு உடைந்ததும் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பை உடம்பு எடுத்துச் சேமித்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி மஞ்சள் நிறமியாக மாறுகிறது. அதன் பெயர் பிலிரூபின். அது தண்ணீரில் கரையாது. கரையாததைச் சிறுநீரிலோ பித்தநீரிலோ கழித்துவிட முடியாது. ஆகவே கல்லீரல் அதனுடன் சர்க்கரையிலிருந்து வந்த ஓர் அமிலத்தைக் கோர்த்து, கரையும்படி செய்து, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் நிறமே இதிலிருந்து வருவதுதான்.

கருப்பையில் இருக்கும்வரை குழந்தைக்கு இந்த வேலை இல்லை. அதன் பிலிரூபின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்குப் போய்விடும். தாயின் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபடுகிறது. அப்போது குழந்தையின் கல்லீரலில், அமிலத்தைக் கோர்க்கும் நொதியின் திறன் பெரியவர்களுடையதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான்.

கொஞ்சம் பிலிரூபின் இருப்பதால் கெடுதல் இல்லை. அளவு மீறினால் அது மூளைக்குள் புகும். கேட்கும் திறனையும் உடல் அசைவுகளையும் ஆளும் பகுதிகளில் போய்ப் படியும். அங்கே நேரும் சேதத்தைச் சரிசெய்ய எந்த மருத்துவத்தாலும் முடியாது. குறைமாதக் குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் தாழ்ந்த அளவிலேயே வந்துவிடும்.

ஒரு குழந்தையின் கணக்கு

35 வாரத்தில், 2 கிலோ எடையில் பிறந்த ஒரு பெண் குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் உடம்பில் மொத்த ரத்தம் சுமார் 170 மில்லி. அதில் ஏறத்தாழ 29 கிராம் ஹீமோகுளோபின். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் கருவின் உடம்பு சிவப்பணுக்களைத் தாராளமாகச் செய்து வைத்திருக்கிறது. வெளியே வந்து நுரையீரல் விரிந்த பிறகு அத்தனை தேவையில்லை.

பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். இவளுடையது 70 நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாளொன்றுக்கு எழுபதில் ஒரு பங்கு உடைகிறது, அதாவது 0.4 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராமிலிருந்து சுமார் 35 மில்லிகிராம் பிலிரூபின் வரும். ஆக இவள் உடம்பில் ஒரு நாளைக்கு 14 மில்லிகிராம், கிலோவுக்கு 7. இதே கணக்கை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போட்டால் கிலோவுக்கு 3 தான் வரும். வரத்து இரண்டு மடங்குக்கும் மேல்; கழிக்கும் கல்லீரலுக்கோ நூற்றில் ஒரு பங்கு திறன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லீரல் தட்டுத்தடுமாறிக் குடலுக்கு அனுப்பியதும் அங்கேயே நிற்பதில்லை. பெரியவர்களின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். புதுக் குழந்தையின் குடலில் அந்த பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. அங்கிருக்கும் வேறொரு நொதி, கல்லீரல் கோர்த்த அமிலத்தைக் கழற்றிவிடுகிறது. பிலிரூபின் மறுபடி ரத்தத்துக்கே திரும்புகிறது. பிறந்ததும் போகும் கரும்பச்சை மலத்தில், பல நாள் உற்பத்திக்குச் சமமான பிலிரூபின் அடைந்திருக்கும். அது எப்போது வெளியேறியது என்று செவிலியர் மணி போட்டு எழுதி வைப்பது இதனால்தான்.

மூன்றாம் நாள் நம் குழந்தையின் அளவு, 100 மில்லிக்கு 15 மில்லிகிராம். பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்பதை வைத்து மருத்துவர் வரைபடத்தைப் பார்க்கிறார். கோட்டைத் தாண்டிவிட்டது. விளக்கில் வைக்க வேண்டும்.

ராச்ஃபோர்டு மருத்துவமனை முற்றம்

இங்கிலாந்தில் எஸெக்ஸ் மாவட்டத்தில் ராச்ஃபோர்டு என்றொரு ஊர். 1956-இல் அங்கிருந்த பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்ட். இன்குபேட்டருக்குள் அடைந்து கிடக்கும் காற்றைவிட வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்று அவர் நம்பினார். கோடைக்காலத்தில் வெயில் இதமாக அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய், மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

ஒரு நாள் ரவுண்ட்ஸின்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கித் தயக்கத்தோடு மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு முழுக்க மஞ்சள் வெளுத்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும், முக்கோண வடிவில், கோடு கிழித்த மாதிரி அடர் மஞ்சள். ஏதோ மருந்து பூசியிருக்கிறது என்றுதான் மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். வார்ட் விளக்கினார்: குழந்தை முழுவதுமே மஞ்சளாகத்தான் இருந்தது. விரிப்பின் முனை ஒன்று மடங்கி அந்த இடத்தை மறைத்திருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிட்டது.

மஞ்சள் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மஞ்சள் தானாகவும் குறையும். ஒரே குழந்தை, ஒரே நாள், ஒரே தோல். வெயில் பட்டதும் படாததும் மட்டுமே வேறுபாடு. ஓர் ஆய்வாளர் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய ஒப்பீடு தற்செயலாக நடந்திருந்தது. அதை ஒப்பீடு என்று அடையாளம் கண்டுகொண்டது அவர் கண்.

பிறகு அதே மருத்துவமனையில் இன்னொன்று நடந்தது. காமாலைக் குழந்தை ஒன்றின் ரத்தக் குழாய், ஆய்வகத்தில் வெயில் படும் இடத்தில் கிடந்துவிட்டது. அதைச் சோதித்தபோது பிலிரூபின் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் கிரெமரும் அவருடைய சகாக்களும், நீல ஒளி தரும் குழல்விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் பொருத்திப் பார்த்தார்கள். முடிவுகள் 1958-இல் 'லான்செட்' இதழில் வந்தன. கட்டுரையை எழுதியவர்கள் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என்ற மூவர். வார்டின் பெயர் அந்த வரிசையில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அமெரிக்க மருத்துவர்கள் இதை ஏற்கப் பத்து ஆண்டுகள் ஆயின. வெர்மான்ட்டில் ஜெரால்டு லூசியின் குழு குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டு, 1968-இல் முடிவை வெளியிட்ட பிறகுதான் அங்கே விளக்குகள் பரவின. அதுவரை அளவு மீறினால் ஒரே வழி, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதே அளவு புது ரத்தத்தை ஏற்றுவது. நம் 2 கிலோ குழந்தைக்கு அப்படிச் செய்வதானால் அவள் ரத்தத்தைப் போல் இரு மடங்கு, சுமார் 340 மில்லி மாற்ற வேண்டும். விளக்குகள் வந்த பிறகு அந்தச் சிகிச்சை அபூர்வமாகிவிட்டது.

ஒளி செய்யும் வேலை

பிலிரூபின் தண்ணீரில் கரையாததற்குக் காரணம் அதன் வடிவம். தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகள் அதனிடம் இருக்கவே செய்கின்றன. ஆனால் மூலக்கூறு தொட்டாற்சிணுங்கி இலையைப் போல மூடிக்கொண்டு அவற்றை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது.

மஞ்சள் நிறப் பொருள் எதுவாக இருந்தாலும், நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் அது நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. பிலிரூபினும் அப்படியே. நீல ஒளி தோலுக்குள் சிறிது ஆழம்வரை போகும். அங்கே நுண்ணிய ரத்தக்குழாய்களிலும் தோலடியிலும் இருக்கும் பிலிரூபின் அதை உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலால் மூலக்கூறின் ஓர் இணைப்பு திரும்பிக்கொள்கிறது. மடிப்பு விரிகிறது. ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன. இப்போது அது கரையும். கல்லீரல் எந்த அமிலத்தையும் கோர்க்க வேண்டாம். அப்படியே பித்தநீரில் விட்டுவிடலாம். சில மூலக்கூறுகள் இன்னும் ஒரு படி போய், திரும்பி மடங்கவே முடியாதபடி உருமாறுகின்றன. லூமிரூபின் என்ற அந்த வடிவம் சிறுநீரிலும் வெளியேறும்.

விளக்கு மஞ்சளை எரிப்பதில்லை. கல்லீரலால் இன்னும் செய்ய முடியாத ஒரே ஒரு வேலையை, தோலில் வைத்துச் செய்து தருகிறது. இதில் புற ஊதாக் கதிருக்கு இடமே இல்லை. வேண்டியது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி மட்டும்.

விளக்கடியில் ஓர் இரவு

விளக்கைப் போட்டுவிட்டால் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று தோன்றும். செவிலியருக்கு வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மருந்துக்கு அளவு இருப்பதுபோல் ஒளிக்கும் அளவு உண்டு. விளக்கு தள்ளிப் போனால் ஒளியின் வலு மளமளவென்று குறையும். உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒளியளவி இருந்தால் குழந்தை படுத்திருக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். தோல் எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு மருந்து உள்ளே போகிறது. அதனால் டயப்பரைக் கூட மடித்துச் சிறிதாக்குவார்கள். தொட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி தொங்கவிட்டால் சிதறும் ஒளி திரும்பக் குழந்தைமேல் விழும். விலையுயர்ந்த கருவி இல்லாத வார்டுகளில் இந்த எளிய ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது.

கண் மறைப்பு சின்ன வேலை போலத் தெரியும். தளர்வாக இருந்தால் நழுவி மூக்கை அடைத்துவிடும். இறுக்கமாக இருந்தால் கண்ணை அழுத்தும். தாய்க்கு அதைப் பார்த்ததுமே வயிறு கலங்கும்.

"சிஸ்டர், கண்ணைக் கட்டி வெச்சிருக்கீங்களே, பாப்பா பயப்படாதாம்மா?"

"பயப்பட மாட்டாம்மா. பால் குடுக்க எடுக்கும்போது அவுத்துடுவேன். அப்ப உங்க முகத்தைப் பார்ப்பா."

தாயைச் சமாதானப்படுத்தச் சொன்னது மட்டுமல்ல அது. விளக்கின் வேலையில் பாதியைப் பால்தான் முடிக்கிறது. விரிந்து கரைந்த பிலிரூபின் குடலுக்கு வந்து, மலமாக வெளியேற வேண்டும். குடல் அசையாமல் இருந்தால் அது மறுபடி பழைய வடிவத்துக்கு மடங்கி ரத்தத்தில் ஏறிவிடும். நம் குழந்தைக்கு மூன்றாம் நாளில் ஏறத்தாழ 200 மில்லி பால் வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு தடவையும் 16, 17 மில்லி. 35 வாரக் குழந்தை மார்பில் நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிடும். தாய் பீய்ச்சித் தரும் பாலைப் பாலாடையில் எடுத்து, உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். விளக்கில் வைத்த நேரத்தைவிடப் பாலாடையோடு உட்கார்ந்த நேரம் முக்கியமாகிவிடும் இரவுகள் உண்டு.

எடை, நனைந்த டயப்பர்களின் எண்ணிக்கை, மலத்தின் நிறம், உடல் வெப்பம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன. விளக்கின் கீழ் மலம் இளகிப் பச்சையாகப் போவது வழக்கம். அது நல்ல அறிகுறி. பழைய குழல்விளக்கு குழந்தையைச் சூடாக்கும். எல்.இ.டி. விளக்கு சூடு தராது. துணியில்லாமல் கிடக்கும் குழந்தை குளிர்ந்துவிடும். ஆக எந்த விளக்கு என்பதைப் பொறுத்துக் கவலையும் மாறுகிறது.

இத்தனையிலும் கடினமானது, கண்ணை நம்ப முடியாமல் போவது. காமாலை முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அளவு மிக அதிகம். பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடத்தில் தெரியும் நிறத்தைப் பார்த்து அனுபவமுள்ள செவிலியர் ஓரளவு ஊகித்துவிடுவார். விளக்கைப் போட்ட பிறகு இந்த முறை பலிக்காது. ராச்ஃபோர்டு குழந்தையின் தோலைப் போல, ஒளி பட்ட இடம் முதலில் வெளுத்துவிடும். ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தே பார்க்க வேண்டும். அப்படி எடுக்கும்போது விளக்கை அணைப்பார்கள். குழாயை வெளிச்சம் படாமல் சுற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் ஒளி அந்தக் குழாய்க்குள்ளும் தன் வேலையைக் காட்டிவிடும்.

நீல வெளிச்சம் இன்னொன்றையும் மறைக்கும். ஆக்சிஜன் குறைந்து குழந்தை நீலம் பாரித்தால் அந்த விளக்கின் கீழ் தெரியாது. குறைமாதக் குழந்தைகள் மூச்சு விடவே சில நொடிகள் மறந்துவிடுவது உண்டு. அதனால் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியைக் காலில் மாட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார்கள். அந்த நீலத்தில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்குத் தலைவலியும் கண் கூசலும் வரும். அதையும் தாங்கிக்கொண்டுதான் வேலை.

பக்கத்துப் படுக்கையில் 900 கிராம் குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும். அலாரம் அங்கேதான் அடிக்கடி ஒலிக்கும். விளக்கில் இருக்கும் குழந்தை அந்த அறையில் ஆரோக்கியமானவளாகத் தோன்றுவாள். எனக்குக் கவலை தரும் இடம் இது. பிலிரூபின் மூளையைத் தொடத் தொடங்கும்போது எந்தக் கருவியும் அலறாது. குழந்தை சற்று அதிகமாகத் தூங்கும். நேற்று கால் மணியில் குடித்த பாலை இன்று அரை மணியாகியும் குடிக்காது. கை கால் துவளும். பிறகு அழுகை கீச்சென்று மாறும், முதுகு வில்லாக வளையும். முதல் அறிகுறியிலேயே பிடித்தால் மீட்கலாம். "இவ நேத்து மாதிரி இல்ல டாக்டர்" என்று சொல்ல, நேற்றும் அவளைக் கையில் எடுத்த ஒருவர் வேண்டும். ஒரு செவிலியரிடம் எத்தனை குழந்தைகளை ஒப்படைக்கிறோம் என்பது நிர்வாகக் கணக்கு மட்டும் அல்ல என்று நான் வாதிடுவது இதனால்தான்.

நம் குழந்தைக்கு மறுநாள் சோதனையில் 11 வந்தது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வலுவுள்ள விளக்கு முதல் 24 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை குறைத்துவிடும், நியாயமான இறக்கம்தான்.

வெயிலில் காட்டலாமா

சிஸ்டர் வார்ட் வெயிலில் காட்டித்தானே கண்டுபிடித்தார், நாமும் காட்டலாமே என்று கேட்பது இயல்பு. நம் வீடுகளில் இளவெயிலில் குழந்தையைக் காட்டுவது பழைய வழக்கம். வெயிலில் நீல ஒளி நிறையவே இருக்கிறது. ஆனால் கூடவே புற ஊதாக் கதிரும் வெப்பமும் வருகின்றன. குழந்தையைத் துணியில்லாமல் மணிக்கணக்கில் கிடத்தினால்தான் பலன். அப்படிக் கிடத்தினால் தோல் வெந்துபோகும். மார்கழிக் காலையில் குளிர்ந்துபோகும். பத்து நிமிட இளவெயில், 15 என்ற அளவைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பி ஒரு நாள் தாமதிப்பதுதான் ஆபத்து.

வெயிலை முறைப்படி பயன்படுத்தவும் வழி கண்டிருக்கிறார்கள். மின்சாரம் நம்ப முடியாத நைஜீரியாவின் லாகோஸில், புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் மெல்லிய படலத்தால் பந்தல் அமைத்து, அதன் கீழ் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், வடிகட்டிய வெயில் விளக்குக்கு ஈடாகவே வேலை செய்தது. அங்கேயும் செவிலியர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தார்கள்.

விளக்கை அணைத்த பிறகு

விளக்கை அணைத்ததும் அளவு கொஞ்சம் ஏறும். உடம்பில் உற்பத்தி நிற்கவில்லை. கல்லீரலும் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னொரு முறை ரத்தம் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

போகும்போது செவிலியர் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "குழந்தைக்குப் பழைய துணி எடுத்து வெச்சிருக்கீங்களா? அதுல பாச்சை உருண்டை போட்டிருந்தீங்களா?" பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின், சில குழந்தைகளின் சிவப்பணுக்களைக் கூட்டங்கூட்டமாக உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் அவர்கள். இறங்கிய மஞ்சள் ஒரே நாளில் அபாய அளவுக்குத் திரும்பிவிடலாம்.

தாயிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் இருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படிந்தால், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமானால், அது இந்தக் காமாலையாக இல்லாமல் இருக்கலாம். பித்தநீர் குடலுக்கு வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு நீல விளக்கு உதவாது. அறுவை சிகிச்சை வேண்டும், அதுவும் பிறந்த 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். தைவானில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றைத் தாய்மார்களிடம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, காலத்தோடு அறுவை சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் அதிகரித்தார்கள். அட்டை கிடைக்காத ஊரிலும் டயப்பரைப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கலாம். நிறம் வெளுத்திருந்தால் அந்த டயப்பரையே எடுத்துக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.